பாடிக்கொண்டே இருக்கணும்

அலுமினியத் தட்டு கைநழுவி விழுந்து, சமையலறைச் சிமென்ட் தரையில் சுழன்று சுழன்று கூப்பாடு போட்டு அடங்கியது. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. வாசற்படியில் உட்கார்ந்து காலணிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த வால்காரர் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

தலைக்காரி குனிந்து தட்டை எடுத்தாள். அவள் வேண்டுமென்று போடவில்லை. ஆனால் விழுந்த கையோடு அவரைத் திரும்பிப் பார்த்தது வேண்டுமென்றுதான். பார்த்துவிட்டு, அவித்த முட்டைகளை உரிக்க ஆரம்பித்தாள்.

தலைக்காரி, வால்காரர் என்பதெல்லாம் காட்டு வாசலில் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர்கள். தேசியப் பூங்காவுக்குள் நடந்துபோய் மிருகம் பார்க்கவேண்டும் என்று வருகிறவர்களை இரண்டு பேராகத்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். முன்னால் போகிற ஆள் தலை. கடைசியாக வருகிற ஆள் வால். விருந்தாளிகள் நடுவில். தலை எங்கே போகிறதோ அங்கேதான் எல்லோரும் போவார்கள். வாலுக்குப் பின்னால் ஒருத்தரும் நிற்கக்கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வரிசையின் இரண்டு நுனியிலும் நடப்பது இந்த வீட்டில் மட்டும்தான். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ முன்னால போறா, நான் பின்னால போறேன். அதுக்குச் சம்பளம் தர்றேன்னு சொன்னா வேண்டாம்னா சொல்ல முடியும்” என்று வால்காரர் விருந்தாளிகளிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். தலைக்காரியும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரித்துவைப்பாள்.

தலைக்குக் கண் வேலை, வாலுக்குக் காது வேலை. முன்னால் போகிறவள் பாதையைப் பார்த்தால் போதும். பின்னால் வருகிறவருக்குத்தான் முன்னால் ஊதுகிற விசிலும் கேட்கவேண்டும், நடுவில் யாராவது மூச்சிரைப்பதும் கேட்கவேண்டும், பக்கத்துப் புதரில் கிளை முறிவதும் கேட்கவேண்டும். ஒரு நீள விசில் ஊதினால் ‘நில்’. அதைக் கேட்டு வால் திருப்பி ஒரு நீள விசில் ஊதினால் ‘நின்றுவிட்டோம், எல்லோரும் இருக்கிறோம்’. இந்தப் பதில் விசில் வராமல் தலை ஓர் அடி எடுத்துவைக்கக் கூடாது.

போன மழைக்காலத்தில் வால்காரருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. “ஒண்ணு போனா என்ன, இன்னொண்ணு கிண்ணுன்னு இருக்கு” என்றார். டவுனுக்குப் போய்க் காது டாக்டரைப் பார்க்கலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் அவருக்கு வேறு வேலை வந்துவிடும். டாக்டரிடம் போனால் சான்றிதழ் எழுதுவார்; அது ஆபீசுக்குப் போகும்; அப்புறம் காட்டுக்குள் போக முடியாது. இது இருவருக்கும் தெரியும். அதனால் அவள் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மஞ்சள் குடை வாங்கினாள். விசிலை ஊதிக்கொண்டே குடையை உயரத் தூக்குவாள். அவர் குடையைப் பார்த்துப் பதில் விசில் ஊதுவார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு விருந்தாளி அம்மா மட்டும், “குடை அழகா இருக்கு, எங்க வாங்கினது?” என்று கேட்டாள்.

இந்த ஏற்பாட்டைத் தலைக்காரி ஏமாற்று வேலை என்று நினைக்கவில்லை. காட்டுக்குள் போகாத நாட்களில் அவரைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் வீட்டில் உட்காரவைத்தால் சுருங்கிப் போய்விடுவார். சுவரைப் பார்ப்பார், சோற்றை அளைவார், ஆணி இல்லாத இடத்தில் ஆணி அடிப்பார். அந்த மனுஷனை நிரந்தரமாக வீட்டில் உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் வேறு ஒரு ஆளை வாலாகக் கூட்டிக்கொண்டு தினமும் மலை ஏறுவதா? 

“ரொட்டி போதுமா?” என்று அவர் முகத்துக்கு எதிரே வந்து கேட்டாள்.

“எத்தனை பேரு?”

“மூணு பேரு. ஒரு ஆம்பளை, ரெண்டு பொம்பளைங்க.”

“அப்ப உருளைக்கிழங்கை ரெண்டு கூட வை. டவுன்காரங்க மலையில ஏறினாத்தான் வயிறுன்னு ஒண்ணு இருக்கிறதையே கண்டுபிடிப்பாங்க.”

காட்டு வாசலில் ரேஞ்சர் நின்றுகொண்டிருந்தார். அவர் தலைக்காரியின் சொந்த அண்ணன். இருவருக்கும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். தங்கை என்பதால் கொடுத்தார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே மற்றவர்களை விட இவர்களிடம் இரண்டு மடங்கு கறாராக இருப்பார்.

“மேல் சரிவுல பழம் பழுத்துக் கிடக்கு,” என்றார். “குட்டியோட ஒரு கரடி சுத்துது. நேத்து பாதை ஓரத்துலயே வந்து தின்னுட்டுப் போயிருக்கு. பனி எறங்கினா மேல போகாதே, திருப்பிக் கூட்டிட்டு வந்துரு.”

“சரிண்ணா.”

“மாப்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ரெண்டு தடவை கூப்பிட்டேன், அவர் பாட்டுக்குப் போறாரு.”

“ராத்திரி சரியாத் தூங்கலண்ணா. அந்த நாய் விடாம குரைச்சுது.”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாய் குரைத்தால் அவருக்கென்ன. அண்ணன் வாக்கி-டாக்கியை அவள் கையில் கொடுத்தார். ஒரு குழுவுக்கு ஒன்றுதான், அது எப்போதும் தலையிடம் இருக்கும்.

விருந்தாளிகள் காரிலிருந்து இறங்கினார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர். கழுத்தில் புத்தம்புது பைனாகுலர். அவர் மனைவி. மூன்றாவது அந்த வங்கிக்காரரின் அக்கா. வண்டியிலிருந்து அந்த அம்மாவின் கால் இறங்குவதற்கு முன்பே பேச்சு இறங்கிவிட்டது. வழியில் வாந்தி வந்த கதை, வராமல் இருக்க எலுமிச்சம்பழம் முகர்ந்த கதை, அந்தப் பழம் சீட்டுக்கு அடியில் உருண்டு போன கதை. ரேஞ்சரைத் தாண்டி வருவதற்குள் தலைக்காரி மனசுக்குள் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டாள்.

வால்காரர் எல்லோரையும் அரைவட்டமாக நிறுத்தி, வழக்கமான பாடத்தை நடத்தினார்.

“முன்னால போறது இவங்க. இவங்களைத் தாண்டக்கூடாது. பின்னால நான். எனக்குப் பின்னால நிக்கக்கூடாது. ஓடக்கூடாது, கரடியைப் பாத்தா கண்டிப்பா ஓடக்கூடாது. அப்புறம் இன்னொண்ணு. யாருக்காவது ஒதுங்கணும்னா வெக்கப்படாம என்கிட்ட சொல்லுங்க. பாதையை விட்டு ஒரு புதர் தூரம், அவ்வளவுதான். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவேன். ஆனா நீங்க பாடிக்கிட்டே இருக்கணும். பாட்டு வந்தா ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியும், கரடிக்கும் தெரியும். அது விலகிப் போயிரும். பாட்டு நின்னா நான் வந்துருவேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

“என்ன பாட்டு வேணா பாடலாமா?” என்றாள் ரேடியோ.

“எது வேணா பாடுங்க. நான் மார்க் போடமாட்டேன்.”

நடை ஆரம்பித்தது. காற்று ஈரமாக இருந்தது. ஊசியிலை மரங்களுக்குக் கீழே தரை மெத்தென்று இருந்ததால் காலடிச் சத்தமே எழவில்லை. ஓடையைத் தாண்டியதும் எதிர்ப் பாறையில் மலையாடுகள் வரிசையாக நின்று இவர்களைப் பார்த்தன. வங்கிக்காரர் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “எங்க, எங்க?” என்றார். அவர் மனைவி அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

“கரடி பாக்காம நான் எறங்க மாட்டேன்,” என்றார் அவர்.

“அது உங்களைப் பாக்காம இருக்கணும்னு வேண்டிக்குங்க,” என்றாள் மனைவி.

ரேடியோ எப்போதும் கடைசியில்தான் வந்தாள், வால்காரரோடு. மேல் வீட்டில் குடியிருப்பவன் தண்ணீர்க் குழாயை மூடாமல் போவது, முழங்கால் வலிக்கு யார் யாரோ சொன்ன வைத்தியம், தம்பி சின்ன வயதில் மண் தின்றது என்று விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தாள். தலைக்காரி வளைவுகளில் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் வால்காரர் தலையை ஆட்டிக்கொண்டே வருவது தெரிந்தது. சரியான இடத்தில் சிரிக்கவும் செய்தார். ரேடியோ சிரிக்கிறபோது சிரித்தால் போதுமே.

பாறை நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் கிழங்கும் தின்றார்கள். ரேடியோ தலைக்காரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரகசியம் சொல்வது போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “நீ கொடுத்து வெச்சவம்மா. என் பேச்சை இவ்வளவு பொறுமையா ஒரு மனுஷன் கேட்டு நான் பாத்ததே இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் பேப்பரை விட்டு முகத்தை எடுக்கமாட்டாரு.”

தலைக்காரி இன்னொரு கிழங்கை உரித்து அந்த அம்மாவின் கையில் வைத்தாள். 

சாப்பிட்ட பிறகு கொஞ்ச தூரம் ஏறினால் மேல் சரிவு. அங்கிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனார்கள். பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைந்து போகும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் ஆள் உயரப் பழப்புதர்கள். தலைக்காரி வளைவைத் தாண்டினாள், வங்கிக்காரரும் மனைவியும் தாண்டினார்கள். அப்போது கீழேயிருந்து பனி ஏறி வந்தது. அந்த மலையில் பனி இறங்குகிறது என்று சொல்வது பேச்சுக்குத்தான். பள்ளத்திலிருந்து பால் பொங்குவது போலப் பொங்கி மேலே வரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எதிரே நின்ற வங்கிக்காரரின் தொப்பி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் மங்கியது.

“அப்படியே நில்லுங்க,” என்றாள். குடையை விரித்துத் தூக்கினாள். தூக்கிய கையே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. இந்தக் குடையை யார் பார்க்கப் போகிறார்கள்.

விசிலை ஊதினாள். நீளமாக.

பதில் இல்லை.

மறுபடி ஊதினாள். நெஞ்சு வலிக்கும் வரைக்கும் ஊதினாள். பனிக்குள்ளிருந்து இலைகளில் நீர் சொட்டுகிற சத்தம்தான் வந்தது.

“அக்கா,” என்று வங்கிக்காரர் கூப்பிட்டார். “அக்கா, கேக்குதா?”

அதற்கும் பதிலில்லை. பேசாமல் இருக்கத் தெரியாத அக்கா பேசாமல் இருந்தாள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. “பனி ஏறிடுச்சு போலயே, எங்க இருக்கீங்க?” அண்ணனின் குரல்.

“பாறை வளைவுல நிக்கிறோம்ணா. கொஞ்சம் கலைஞ்சதும் எறங்கிருவோம்.”

“வால் பதில் கொடுத்தாச்சா?”

தலைக்காரி பொத்தானை அழுத்தியபடி நின்றாள். இப்போது உண்மையைச் சொன்னால் ஆட்கள் ஏறி வருவார்கள். ஆட்கள் வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் ஒரு பொம்பளை அந்தப் பழப்புதர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறாள், குட்டியோடு ஒரு கரடியும் எங்கேயோ இருக்கிறது.

“கொடுத்தாச்சுண்ணா,” என்றாள்.

சொன்ன பொய் வாயில் கசந்தது. வங்கிக்காரரின் மனைவி அவளையே பார்த்தாள். 

தலை தன் ஆட்களை விட்டு நகரக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. இருவரையும் பாறையோடு பாறையாக உட்காரவைத்தாள். “இந்த இடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. ரெண்டு பேரும் சத்தமா எதையாவது பேசிக்கிட்டே இருங்க.”

“என்ன பேசுறது?” என்றார் வங்கிக்காரர். முகம் வெளுத்திருந்தது.

“சண்டை போடுங்க,” என்றாள். “அதுதான் நிக்காம வரும்.”

பாறையில் ஒரு கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்த வழியில் இறங்கினாள். வளைவைத் தாண்டியதும் அவரைப் பார்த்தாள். புதருக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தின் பக்கம் முகத்தை வைத்து, கைத்தடியை அக்குளில் இடுக்கி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பையனைப் போல அவ்வளவு ஒழுங்காக நின்றார். அவள் வந்து தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டது.

“நீ ஏன் வந்தே? அவங்களை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?” என்று அதட்டினார்.

“அக்கா எங்கங்க?”

“ஒதுங்கப் போயிருக்காங்க. பின்னால புதர்ல.” குரலைத் தாழ்த்தி, “பாடிட்டு இருக்காங்க,” என்றார்.

தலைக்காரி மூச்சை நிறுத்திக் கேட்டாள். நீர் சொட்டுகிறது. தூரத்தில் வங்கிக்காரர் ஏதோ சொல்ல, மனைவி அதை மறுக்கிறாள். வேறு ஒன்றும் இல்லை.

“பாடறாங்களா?”

“கேக்கலையா உனக்கு?” என்று அவர் சிரித்தார். “இப்பத்தான் ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சாங்க.”

அவளுக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. ஊருக்கெல்லாம் பொய் சொல்லலாம், அண்ணனிடம் பொய் சொல்லலாம், அதற்கெல்லாம் அவளே கூட்டு. ஆனால் என்னிடமே இப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது இந்த மனுஷனுக்கு என்று நினைத்தபோது, பயத்துக்கு மேலே கோபம் ஏறியது. அந்த வலது காதும் போய்விட்டது. எப்போது போனதோ. அவளும் நம்பினாள், நம்பிக்கொண்டிருப்பதுதான் அவளுக்கும் வசதியாக இருந்தது.

அவர் சட்டையைப் பிடித்துத் திருப்பினாள். புதரை விலக்கினாள். அங்கே யாரும் இல்லை. அந்த அம்மாவின் தண்ணீர் பாட்டில் மட்டும் கல் மேல் இருந்தது.

வால்காரரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு போனது. “இப்ப வரைக்கும் பாடிட்டுத்தானே இருந்தாங்க,” என்றார்.

 அவர் பதிலுக்கு நிற்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். கண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை அவருக்கு. நசுங்கிய பாசி, ஒடிந்த தண்டு, செருப்பின் குதி அழுந்திய ஈரமண். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைத்தடியை நீட்டிக்கொண்டே போனார். பனியில் திசை குழம்பி, பாதை என்று நினைத்து மிருகங்கள் நடக்கிற தடத்தில் ஏறிப் போயிருக்கிறாள் ரேடியோ. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவர் முன்னால் போனார், அவள் பின்னால் போனாள்.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். எதிரே ‘உஃப்’ என்று ஒரு சத்தம் வந்தது. பெரிய தோல் பையிலிருந்து காற்றை ஒரே அடியாக வெளியேற்றுவது போன்ற சத்தம்.  கரடி எச்சரிக்கும்போது அப்படித்தான் மூச்சு விடும். அடுத்துப் பல்லைக் கடிக்கிற சத்தம் வந்தது, டக் டக்கென்று.

வால்காரர் தரையைப் பார்த்தபடி நேராக அந்தச் சத்தத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தார்.

கூப்பிட்டுப் பயனில்லை. கத்தினால் கரடிக்குத்தான் கேட்கும். அவள் பாய்ந்து போய் அவர் முதுகுப் பையின் வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் ஈரத்தில் உட்கார்ந்தார்கள். பனி ஒரு நொடி விலகியது. வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் உள்ள தூரத்தில் கறுப்பாகக் கரடி நின்றது, முகமெல்லாம் பழச்சாறு. அதன் பின்னால் குட்டி. கரடிக்கு அந்தப் பக்கம், ஒரு பாறையில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி ரேடியோ நின்றாள்.

தலைக்காரி மெதுவாக எழுந்தாள். அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். கரடியின் கண்ணைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில், அழுகிற குழந்தையிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தாள். “ஒண்ணுமில்ல. நாங்க போயிடறோம். நீ உன் புள்ளையைக் கூட்டிட்டுப் போ. உன் பழம் எங்களுக்கு வேண்டாம். போம்மா. போ.” பேசிக்கொண்டே வால்காரரையும் இழுத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து, கரடிக்குக் கீழ்ச் சரிவை முழுக்க விட்டுக்கொடுத்தாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கரடி மறுபடி ஒரு தடவை மூச்சுவிட்டது. குட்டி முதலில் திரும்பியது. பிறகு தாயும் திரும்பி, அவசரமே இல்லாமல், கிளைகளை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனது. அந்த முறிகிற சத்தம் முழுக்க அடங்கும் வரை தலைக்காரி நகரவில்லை.

ரேடியோ பாறையோடு வழுக்கி உட்கார்ந்தாள். தலைக்காரி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். 

“பாட்டை ஏங்க்கா நிறுத்துனீங்க?” என்றாள் தலைக்காரி. கேட்கும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. “பாடிட்டே இருக்கச் சொன்னாரு இல்ல.”

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள். “கூச்சமா இருந்துச்சும்மா. ஒரு ஆம்பளை அந்தப் பக்கம் நிக்கும்போது, அந்த மாதிரி உக்காந்துக்கிட்டு எப்படிப் பாடறது. வாயே திறக்கல.”

“ஒரு வரி கூடவா?”

“ஒரு வரி கூட இல்லை.”

தலைக்காரி திரும்பிப் பார்த்தாள். வால்காரர் கொஞ்சம் தள்ளி நின்று, கரடி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு அவருக்கு எட்டவில்லை.

பனி கலைந்ததும் இறங்கினார்கள். பாறையில் காத்திருந்த இருவரும் சொன்னபடியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்துவதற்கு இருவருக்குமே கொஞ்சம் நேரம் பிடித்தது. அக்காவைப் பார்த்ததும் வங்கிக்காரர் குழந்தை மாதிரி அழுதார். கரடி பார்த்தீர்களா என்று அவர் கேட்கவே இல்லை. வழி முழுக்க ரேடியோ தலைக்காரியின் கையை விடவில்லை, பேசவும் இல்லை.

வாசலில் ரேஞ்சரின் அறைக்குள் எல்லோரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். தகரக் கூரை, ஒரு மேசை, சுவரோடு ஒரு நீள பெஞ்சு. ரேடியோவின் கீறிய முழங்கையில் பஞ்சை வைத்துத் துடைத்துக்கொண்டே, அண்ணன் வால்காரரைப் பார்த்துக் கேட்டார்: “என்ன மாப்ளே நடந்துச்சு?”

“ஒதுங்கப் போனாங்க மச்சான். நான் திரும்பி நின்னேன். பாடிட்டுத்தான் இருந்தாங்க, நல்லாக் கேட்டுக்கிட்டே நின்னேன். பனியில பாதை மாறிடுச்சு போல.”

“முன்னால ஊதின விசில் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மச்சான். அதான் அவங்களை விட்டுட்டு நகராம அங்கயே நின்னுட்டேன்.”

அண்ணன் ரேடியோவின் பக்கம் திரும்பினார். ரேடியோ தலைக்காரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, அந்த அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று. அவ்வளவு தூரம் தன் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட மனுஷன் எதைக் கேட்டான் என்பது உட்பட எல்லாம். ஆனாலும் அவள் சொன்னாள்: “அவர் மேல தப்பு இல்லைங்க. நான் பாடிட்டேதான் இருந்தேன். நான்தான் வழியை விட்டுட்டேன். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க.”

அண்ணனின் தோள்கள் தளர்ந்தன. பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் போலப் பெருமூச்சு விட்டார். தங்கையும் மாப்பிள்ளையும் தப்பு செய்யவில்லை என்று நம்புவதற்கு அவரும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “சரி, உசிரோட வந்தீங்களே, அது போதும்,” என்றவர், தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருதுங்க. எல்லாம் சின்னச் சின்னது, அடிக்கு ஒரு தடவை ஒதுங்கணும்னு சொல்லும். வாலுக்கு மாப்ளேதான் சரி. அவருக்குத்தான் பொறுமை உண்டு.”

“சரி மச்சான்,” என்றார் வால்காரர்.

தலைக்காரி கையிலிருந்த தேநீர் டம்ளரைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும். எல்லோரும் அவளுக்காக முடித்துக் கொடுத்துவிட்டார்கள். பொய்யைக் கூட வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். நாளைக்குப் பனி வராமல் இருக்கலாம், கரடி வேறு சரிவுக்குப் போயிருக்கலாம். புதருக்குப் பின்னால் ஒரு பிள்ளை பாடிக்கொண்டிருக்கும், அல்லது பாடாமல் இருக்கும். இவர் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

எழுந்து போய் அவருக்கு எதிரே நின்றாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“அந்த அக்கா பாடவே இல்லைங்க,” என்றாள்.

 அண்ணன் டம்ளரை மேசையில் வைத்தார்.

“ஒரு வரி கூடப் பாடல. கூச்சப்பட்டுக்கிட்டு வாயே திறக்கல. நீங்க கேட்டேன்னு சொன்னது எதுவுமே இல்லை. நான் ஊதின விசிலும் உங்களுக்குக் கேக்கல. அண்ணா, இவருக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. போன மழையிலேர்ந்து நான் மறைச்சு வெச்சிருக்கேன்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவர் அவளைத் தாண்டி ரேடியோவைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

வால்காரர் மறுபடி மனைவியைப் பார்த்தார். அவர் பொய் சொல்லும்போது முகம் எப்படி ஆகும் என்பது அவளுக்கு அத்துப்படி. மூக்கு விடைக்கும், கண் கதவுப் பக்கம் போகும். இப்போது அது எதுவும் இல்லை. வழி தெரியாமல் நிற்கிற ஆளைப் போல அவளையே பார்த்தார்.

“எனக்குக் கேட்டுச்சேம்மா,” என்றார். “நல்லாப் பாடினாங்களே.”